ரெங்கநாயகி மெஸ்ஸும் மஞ்சள் நோட்டீஸும்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் வக்கீல் போன மாதம் ஒரு கேள்வியோடு கீழே இறங்கி வந்தாள். அவளுடைய கட்சிக்காரர் ஒருவர் கைமாற்று, கடை பாக்கி, கிரெடிட் கார்டு என்று கழுத்து வரை கடனில் நிற்கிறார். எந்தக் கடனுக்கும் ஈடு கிடையாது. வீடும் அடமானத்தில் இல்லை, நகையும் இல்லை. அவர் திவால் மனு போடுவதா, கடன் கொடுத்தவர்களோடு கோர்ட் மூலமாகத் தவணை ஏற்பாடு செய்துகொள்வதா என்று அவளுக்குக் குழப்பம்.

"நீங்க ரிசீவர் ஆபீஸ்ல இருந்தீங்களாமே ஆன்ட்டி, அங்க இதை எப்படி முடிவு பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"அவருக்கு எவ்வளவு கடன்னு அப்புறம் கேளு. முதல்ல அவரோட ஒரு நாளைக் கேளு. காலையில எழுந்ததுலேர்ந்து என்ன செய்றார், எங்க போறார், யார்கிட்ட என்ன வாங்கறார்னு" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். அன்று சாயங்காலம் முழுக்க அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பாலக்கரையில் பிறந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் தேறி, இரண்டு இடங்களில் தற்காலிகமாக வேலை பார்த்துவிட்டு, ஐம்பதுகளின் கடைசியில் ரிசீவர் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். "கோர்ட் வேலைக்குப் பொம்பளைப் பிள்ளையா?" என்று எங்கள் தெருவில் கொஞ்ச நாள் பேசினார்கள். சம்பளம் வர ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது.

கடனைத் திருப்பித் தர முடியாதவர் கோர்ட்டுக்குப் போய் "நான் திவால்" என்று மனுக் கொடுக்கலாம். பணம் கொடுத்தவரும் அவர் மேல் அதே மனுவைக் கொடுக்கலாம். ஊரில் இதற்கு மஞ்சள் நோட்டீஸ் என்று பெயர். கோர்ட் ஒருவரைத் திவால் என்று அறிவித்துவிட்டால் அவருடைய சொத்தெல்லாம் ரிசீவர் கைக்கு வரும். ரிசீவர் அதை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார். அப்புறம் ஒரு நாள் கோர்ட் அந்த மனிதரை விடுவிக்கும். இது ஒரு வழி. இன்னொன்றும் உண்டு. திவால் என்று அறிவிக்கப்பட்ட பிறகும் அவர், "ரூபாய்க்கு இத்தனை அணா, இத்தனை வருஷத்தில் தருகிறேன்" என்று ஒரு திட்டம் கொடுக்கலாம். கடன் கொடுத்தவர்கள் ஒப்புக்கொண்டு கோர்ட்டும் சம்மதித்தால் திவால் உத்தரவு ரத்தாகும். எங்கள் ஆபீஸ் படியேறியவர்கள் எல்லாரும் இந்த இரண்டு வழிகளுக்கு நடுவில் நின்றவர்கள்தான்.

எங்கள் ரிசீவர் சம்பத் ஐயங்கார். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஆபீஸ். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. அவரைப் போல ஒரு மனிதரை அதற்குப் பிறகு நான் எந்த ஆபீஸிலும் பார்க்கவில்லை. கடன் வாங்கியவர், கொடுத்தவர் யார் வந்தாலும் ஒரே மாதிரி நாற்காலி. ஒரே கூஜாவிலிருந்து தண்ணீர். மாடிப்படியில் நின்று யாராவது தனியாகப் பேச வந்தால், "உள்ளே வந்து எல்லாருக்கும் கேட்கறாப்பல சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு நடப்பார். வந்தவர் அழ ஆரம்பித்தால் சமாதானம் சொல்ல மாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காத்திருப்பார். அழுகை ஓய்ந்ததும் கடைசியாகக் கேட்ட கேள்வியை, ஒரு வார்த்தை மாறாமல், அதே குரலில் மறுபடியும் கேட்பார். கல் நெஞ்சக்காரர் என்று முதல் மாதம் நினைத்தேன். அழுதவர்கள் அதற்கப்புறம் தெளிவாகப் பதில் சொல்வதைப் பார்த்த பிறகுதான், அது அவர்களுக்கு அவர் கொடுத்த மரியாதை என்று புரிந்தது.

உறையூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். மைத்துனனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். மைத்துனன் ஊரை விட்டு ஓடிவிட்டான். வாத்தியாருக்கு மானப் பிரச்சினை. "முழுக்கக் கட்டறேன் சார், தவணை மட்டும் வாங்கிக் கொடுங்க" என்றார். சம்பத் சார் அவரிடம் ஒரு நாளைக் கேட்டார். பள்ளிக்கூடம், டியூஷன், வீட்டில் ஆறு பேர், காச நோயில் படுத்திருக்கும் தாயார் என்று எல்லாம் வந்தது. கணக்குப் பார்த்தால் மாசச் சம்பளத்தில் ஒரு காசு மிஞ்சவில்லை.

"இல்லாத பணத்துல தவணை கட்ட முடியாது. மூணாம் மாசம் தவறும். அப்போ மானமும் போகும், திட்டமும் போகும். திவாலாகி விடுதலை வாங்கறதுதான் உங்களுக்குச் சரி. சட்டம் இதை உங்களை மாதிரி ஆளுக்காகத்தான் வெச்சிருக்கு" என்றார் சார்.

வாத்தியார் அழுதார். சார் ஜன்னலைப் பார்த்தார். மனு போட்டு, விடுதலையும் கிடைத்தது. பிறகு அவர் ஹெட்மாஸ்டராகி, மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தபோது முகமே வேறாக இருந்தது. ஆக, தவணைத் திட்டம் எல்லாருக்கும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சிலருக்கு அது தூக்குக் கயிறு.

ரெங்கநாயகி அம்மாள் வந்தது அதற்கடுத்த வருஷம்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற சாலையில் மெஸ் நடத்தினாள். பஸ் டிரைவரின் விதவை. பிள்ளைகள் இல்லை. நாற்பது வயது, நல்ல உயரம், உரத்த குரல். கணவன் ஓட்டிய பஸ் கம்பெனியின் டிரைவர்களும் கண்டக்டர்களும்தான் அவளுடைய வாடிக்கை. அந்தக் கம்பெனியில் சம்பளத் தகராறு வந்து முதலாளி கதவை அடைத்தார். மாதக்கணக்கில் பஸ் ஓடவில்லை. ஆட்கள் மட்டும் வேளை தவறாமல் சாப்பிட வந்தார்கள். அவளும் கடனுக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் கம்பெனி கைமாறியது. பாதிப் பேருக்கு வேலை போய், கரூர், சேலம் என்று திசைக்கொருவராகப் போனார்கள். அவர்கள் சாப்பிட்ட சோறு அவள் தலையில் விழுந்தது.

"இத்தனை மாசம் எதுக்காகப் போட்டீங்கோ?" என்று சார் கேட்டார்.

"இலை முன்னாடி உக்காந்தவனை எழுந்திரின்னு எப்படிங்க சொல்றது? எங்க வீட்டுக்காரரும் அந்த பஸ்ஸைத்தானே ஓட்டினாரு" என்றாள்.

அரிசி மண்டிக்கும் மளிகைக் கடைக்கும் விறகுத் தொட்டி காதர் பாய்க்கும் பால்காரருக்கும் பாக்கி. இவற்றோடு தேவராஜன் என்பவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய ஆயிரத்து இருநூறு ரூபாய். ஈடு என்று எதுவும் இல்லை. அவளை நம்பிக் கொடுத்தவைதான் எல்லாம். அவள் பேரில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தது தேவராஜன். அவள் திவால் என்று கோர்ட் அறிவித்துவிட்டது. முடிவு தெரியும் வரை, எங்கள் ஆபீஸ் மேற்பார்வையில், ரொக்கத்துக்கு மட்டும் சரக்கு வாங்கி மெஸ்ஸை நடத்திக்கொள்ள அனுமதி கிடைத்திருந்தது.

வாத்தியாரைப் போலவே இவளுக்கும் சொத்து இல்லை. இவளுக்கும் விடுதலைதான் சரி என்று நான் நினைத்தேன். டைப் மெஷினில் விடுதலை மனுவுக்கான தாளைக்கூட மாட்டியிருந்தேன். சார் அவளிடம் ஒரு நாளைக் கேட்டார்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். விடியற்காலை தொட்டியத்திலிருந்து முதல் பஸ்ஸில் இலைக்கட்டு வரும். அடுத்து பால், காய். வெயில் ஏறுவதற்குள் விறகு. மதியம் மூன்று பந்தி. ராத்திரி இட்லி. புது கம்பெனிக்காரர்களும் இவளிடமே சாப்பிட வந்துவிட்டார்கள். செலவெல்லாம் போக ஒரு நாளைக்கு ஆறு ரூபாய் நிற்கிறது.

சார் பேனாவை மூடி வைத்தார். "இங்க ரெண்டு வழி இருக்கும்மா. திவாலாகவே நின்னு விடுதலை வாங்கலாம். பழைய கடன் தொலையும். ஆனா விடுதலை வர்ற வரைக்கும் நீங்க யார்கிட்டயும் அம்பது ரூபாய்க்குக் கடன் வாங்கணும்னா, நான் திவால்னு முதல்ல சொல்லியாகணும். சொல்லாம வாங்கினா குத்தம். மெஸ் இருக்கிற கட்டட வாடகை உரிமை, பெரிய பாத்திரம் எல்லாம் ஏலத்துக்குப் போகும். ரெண்டாவது வழி, ரூபாய்க்கு இத்தனைன்னு திட்டம் போடறது. நாளைக்கு நிக்கற ஆறு ரூபாயில நாலே கால் ரூபாய் கடனுக்குன்னு ரெண்டு வருஷம் எடுத்து வெக்க முடியுமா? மழை பெஞ்சாலும், உங்களுக்கு ஜுரம் வந்தாலும்?"

"முடியும்."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவள் யோசித்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை ராத்திரி இட்லியை நிறுத்தறதா இருந்தேன். நிறுத்தலை. முடியுங்க" என்றாள்.

ரூபாய்க்குப் பத்தணா, இரண்டு வருஷம் என்று திட்டம் தயாரானது. நயாபைசா வந்து சில வருஷங்கள் ஆகியும், கடனைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழைய கணக்கில்தான் பேசினார்கள். நான் மெஷினிலிருந்து பழைய தாளை உருவிவிட்டுப் புதிதாக மாட்டினேன்.

திட்டம் நிறைவேற ஒரு நிபந்தனை உண்டு. தன் கடன் இவ்வளவு என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து நிரூபித்தவர்கள்தான் ஓட்டுப் போடலாம். அன்று நேரில் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்ட ஆட்கள் சம்மதிக்க வேண்டும். அவர்கள் கடன்களின் மொத்தத்தில் நாலில் மூன்று பங்கும் சம்மதம் பக்கம் நிற்க வேண்டும். நிரூபித்த கடன் மொத்தம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். தேவராஜனுடையது மட்டும் ஆயிரத்து இருநூறு. மொத்தத்தில் கால் பங்குக்குச் சற்று மேலே. அவர் ஒருவர் தலையை ஆட்டாவிட்டால் திட்டம் விழுந்துவிடும்.

தேவராஜன் ஆபீஸுக்கு வந்தார். வெள்ளை வேஷ்டி, மெதுவான பேச்சு. "எனக்கு அந்தம்மா மேல கோபம் ஒண்ணும் இல்லீங்க. சட்டப்படி ஏலம் வரட்டும். அந்த இடத்துல என் மச்சான் காபி கிளப் போடலாம்னு இருக்கான். நான் சம்மதிக்கறதா இல்லை" என்றார். சார் அதையும் எழுதிக்கொண்டு, அவருக்கும் கூஜாத் தண்ணீரே கொடுத்து அனுப்பினார்.

அன்று மதியம் ஒரு கையெழுத்துக்காக நான் ஸ்ரீரங்கம் போக வேண்டியிருந்தது. "டைப்பு தங்கச்சி, சாப்பிடாம போகக் கூடாது" என்று ரெங்கநாயகி உட்கார வைத்துவிட்டாள். இலையில் தண்ணீர் தெளிக்கும்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. "இந்த இலைக்குக் காசு கொடுக்கறீங்களாக்கா?"

"இப்ப ரொக்கம். முன்னாடி இருந்தது பாக்கி. தொட்டியம் கருப்பண்ணன். முந்நூத்தம்பது ரூபாய்க்குக் குறையாது. உங்க ஆபீஸ்ல அவர் பேரையும் சொன்னேனே?"

சொல்லித்தான் இருந்தாள். அவருக்கு நோட்டீஸும் போனது. அவர் வாங்க மறுத்ததால் திரும்பி வந்துவிட்டது. அதனால் அவர் கடனை நிரூபிக்கவில்லை, அவருக்கு ஓட்டும் இல்லை. நான் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். அவருடைய முந்நூற்று ஐம்பது சேர்ந்தால் மொத்தம் நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது. தேவராஜனின் கடன் கால் பங்குக்குக் கீழே இறங்கிவிடும்!

ஆபீஸுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சாரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை.

"எல்லாக் கடன் கொடுத்தவாளுக்கும் நோட்டீஸ் சேரணும். அது நம்ம கடமை. மறுத்தவருக்கு நேர்ல போய் விஷயத்தை விளக்கறதுல தப்பு இல்லை. பியூன் லீவுல இருக்கான். நீ போவியா?"

"போறேன் சார்."

"ஒண்ணு மட்டும் நினைவுல வெச்சுக்கோ. நாம யார் பக்கமும் இல்லை. கடனை நிரூபிக்கிற உரிமை இருக்குன்னு சொல்லலாம். ஓட்டு எப்படிப் போடணும்னு ஒரு வார்த்தை வந்துதோ, இந்த ஆபீஸ் அன்னிக்கே செத்துப்போச்சு. ஜாடைகூடக் காட்டக் கூடாது."

மறுநாள் காலை முசிறி வழியாகத் தொட்டியம் போனேன். வாழைத் தோப்புகளுக்கு நடுவில் வீடு. கருப்பண்ணன் இலை அறுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒரு முக்காலி எடுத்துப் போட்டாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தம்மா பேர்ல நான் கோர்ட்டுல பிராது கொடுக்கவா? என்னம்மா பேசறீங்க? எம் பொஞ்சாதி திருச்சி ஆஸ்பத்திரியில ஒரு மாசம் கெடந்தா. ரெண்டு வேளையும் தூக்குல சோறு வந்துச்சு. அதுக்கு நான் காசு கொடுத்தேனா? போங்க, போங்க. எனக்கு ஒண்ணும் வர வேண்டியதில்ல."

"இது பிராது இல்லீங்க. உங்களுக்கு வரவேண்டிய பாக்கியைக் கோர்ட்டுல சொல்றது. சொன்னவங்களை மட்டும்தான், அந்தம்மா கொடுத்திருக்கிற திட்டம் வேணுமா வேண்டாமான்னு கேப்பாங்க. சொல்லாதவங்க பேச்சு அங்க ஏறாது."

"சரி, வந்து நான் என்ன சொல்லணும்? வேணும்னு சொல்றதா, வேண்டாம்னு சொல்றதா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"அட, கேக்கறேன்ல? எது அந்தம்மாவுக்கு நல்லது?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க."

"இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்துட்டு அதைச் சொல்ல முடியாதா?" என்று அவர் மனைவி கோபமாகக் கேட்டாள். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. சொல்லிவிடலாம். அந்தத் தோப்பில் அணில்களைத் தவிர யாரும் இல்லை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, திட்டம் என்றால் என்ன, திவாலாகவே நின்றால் என்ன, இரண்டையும் சார் சொல்கிற மாதிரியே, ஏற்றம் இறக்கம் இல்லாமல், சொன்னேன். ஏலம், வாடகை உரிமை, ரூபாய்க்குப் பத்தணா, எல்லாம்.

கருப்பண்ணன் தலையைச் சொறிந்தார். மனைவிதான் முதலில் எழுந்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீங்க காசு வேணாம்னு வீட்டுல உக்காந்துக்கிட்டு இருந்தா மெஸ்ஸு ஏலத்துக்குப் போயிரும். போய்க் கேட்டாத்தான் அந்தம்மா பொழைக்கும். கேளுங்க. நானும் வரேன்."

அப்போதும் நான் ஆமாம் என்று சொல்லவில்லை. பிரமாணப் பத்திரத்தை எங்கே தாக்கல் செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

சப் கோர்ட்டில் வாய்தா நாள். அரிசி மண்டிக்காரர், மளிகைக்கடைக்காரர், பால்காரர், காதர் பாய் எல்லாரும் வந்துவிட்டார்கள். கருப்பண்ணனைக் காணோம். ரெங்கநாயகி தூணோரமாக நின்றாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நான் கட்டுகளையே அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கேஸைக் கூப்பிட்டபோது வாசலில் ஒரு சலசலப்பு. தோளில் துண்டும், கையில் செருப்புமாகக் கருப்பண்ணன். பின்னால் அவர் மனைவி. நீதிபதியைப் பார்த்ததும் இருவரும் கும்பிட்டார்கள்.

தேவராஜனின் வக்கீல் எழுந்துவிட்டார். இது காலம் கடந்து வந்த கடன், ஓட்டுக்காகவே கிளப்பிய கடன் என்றார். எங்கள் சார் எழுந்து, விடுதலைக்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் ஒருவர் தன் கடனை நிரூபிக்கலாம் என்று சட்டப் பிரிவைப் படித்துவிட்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் இன்னும் நாலு வார்த்தை பேசக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

வக்கீல் கருப்பண்ணனைக் கூண்டில் ஏற்றினார்.

"கோர்ட் நோட்டீஸை வாங்க மறுத்தீரா?"

"ஆமாங்க."

"ரெங்கநாயகி உமக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை என்று சொல்லித்தானே மறுத்தீர்?"

"கேக்க மாட்டேன்னுதாங்க சொன்னேன். அது வேற. இலை போட்டது போட்டதுதானே? நான் கேக்கலேன்னா அறுத்த இலை மரத்துல போய் ஒட்டிக்குமா?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. ரெங்கநாயகியைப் பார்த்து, "இவர் சொல்லும் பாக்கியை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்றார்.

"ஒத்துக்கறேன் எசமான். அவர் கொறைச்சுத்தான் சொல்வாரு."

வக்கீல் விடவில்லை. "ரிசீவர் ஆபீஸிலிருந்து ஒரு பெண் உம் வீட்டுக்கு வந்தாள் அல்லவா? திட்டத்துக்குச் சம்மதம் சொல்லச் சொல்லித்தானே வந்தாள்?"

ஹால் முழுக்க என் பக்கம் திரும்பியது.

"அட, அதை ஏங்க கேக்கறீங்க!" என்றார் கருப்பண்ணன். "எது நல்லதுன்னு நானும் எம் பொஞ்சாதியும் மாறி மாறிக் கேட்டோம். அந்தப் பொண்ணு வாயையே தொறக்கல. ரெண்டு பக்கத்தையும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிச்சுட்டுப் போயிருச்சு. எம் பொஞ்சாதிக்கு இன்னும் அது மேல கோவம்."

பின்னால் பெஞ்சில் இருந்து, "ஆமா, கோவந்தான்" என்று அவர் மனைவியின் குரல் கேட்டது. இந்தத் தடவை நீதிபதியும் சிரித்தார். சார் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

கடன் ஏற்கப்பட்டது. ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார்கள். மண்டிக்காரர் சம்மதம் என்றார். மளிகை சம்மதம். பால் சம்மதம். காதர் பாய் எழுந்து நின்று தாடியைத் தடவினார். அவர் ஒருவர் மறுத்தாலும் எல்லாம் போச்சு.

"ரூபாய்க்குப் பத்தணா எனக்கு நஷ்டந்தாங்க" என்றார். ரெங்கநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. இந்த நாலு மாசமா இந்தம்மா ரொக்கத்துக்குத்தான் வெறகு வாங்குது. ஒரு நாள்கூட நாளைக்குத் தரேன்னு சொல்லல. மெஸ் போயிட்டா எனக்குப் பத்தணாவும் இல்ல, வியாபாரமும் இல்ல. சம்மதம்."

கருப்பண்ணன் கேள்வி முடிவதற்குள் "சம்மதம், சம்மதம்" என்று இரண்டு தடவை சொன்னார். தேவராஜன் மெதுவான குரலில் மறுத்தார். சார் ஒரு தாளில் கூட்டி நீதிபதியிடம் நீட்டினார். நாலில் மூன்று பங்குக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான் கூடுதல். ஆனால் கூடுதல்! திட்டம் நிறைவேறிவிட்டது. அடுத்த வாரம் கோர்ட் அதை உறுதி செய்து, திவால் உத்தரவையும் ரத்துச் செய்தது.

வராந்தாவில் ரெங்கநாயகி என்னைக் கட்டிக்கொண்டு, கோர்ட் என்றும் பாராமல் உரக்கச் சிரித்தாள். "எல்லாரும் ஸ்ரீரங்கம் வாங்க, இன்னிக்குச் சாப்பாடு என்னோடது" என்றாள்.

"ரொக்கத்துக்குன்னா வரேன்" என்றார் காதர் பாய்.

சார் என்னிடம் பாராட்டாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு, கடன் வாங்கியவர்களிடம் ஒரு நாளைக் கேட்கிற வேலையில் பாதியை என்னிடம் விட்டார். எனக்கென்று அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் வந்தது. அதே மாதிரி நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பல வருஷங்கள் எத்தனையோ பேரைக் கேட்டேன். தவணை தாங்காது என்று தெரிந்தவர்களுக்குக் கூசாமல் திவால்தான் சரி என்று காட்டினேன். தாங்கும் என்று தெரிந்தவர்களுக்குத் திட்டத்தைக் காட்டினேன். இன்று யோசித்தாலும் நெஞ்சு நிமிர்கிற வேலை.

ரெங்கநாயகி இரண்டு வருஷமும் ஒரு தவணை தவறவில்லை. ஒரு ஆடி மாதம் காவேரியில் வெள்ளம் வந்து மெஸ் வாசல் வரை தண்ணீர் ஏறியது. அப்போதும் பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு வந்து கட்டிவிட்டுப் போனாள். கடைசித் தவணையைக் கட்டிய அன்று சாரிடம் கேட்டாள், "மிச்ச ஆறணா என்னங்க ஆகும்?"

"அது தீர்ந்துபோச்சும்மா. சட்டப்படி நீங்க ஒரு பைசா தர வேண்டாம்."

"கொடுத்தா குத்தமா?"

சார் அந்தக் கேள்விக்குத் தயாராக இருக்கவில்லை. "குத்தமில்லை" என்றார்.

அடுத்த சில வருஷங்களில் எல்லாருக்கும் அந்த ஆறணாவையும் கொடுத்து முடித்தாள். கருப்பண்ணன் வாங்க மாட்டேன் என்று ஓடினார். அவர் மனைவி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆனால் ரெங்கநாயகி முதலில் கொடுத்தது தேவராஜனுக்கு. துணைக்கு என்னையும் வரச் சொன்னாள்.

"ஏங்க்கா, முதல்ல அவருக்கா?" என்று போகும் வழியில் கேட்டேன்.

"மத்தவங்க எனக்காகக் காத்திருப்பாங்க தங்கச்சி. இந்த ஆளுக்குத்தான் என் மேல நம்பிக்கை இல்ல."

தேவராஜன் வாசலில் ஈஸிச்சேரில் சாய்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். நானூற்று ஐம்பது ரூபாய். அவள் நீட்டியதைப் பார்த்து, "எதுக்கும்மா இதெல்லாம்? சட்டப்படி எல்லாம் முடிஞ்சுபோச்சே" என்று தடுமாறினார். பிறகு பெருந்தன்மையாக, எண்ணாமலேயே சட்டைப் பைக்குள் வைக்கப் போனார்.

"எண்ணிப் பாத்துக்குங்க" என்றாள் ரெங்கநாயகி.

"பரவாயில்லம்மா, நீங்க கொடுத்தா சரியாத்தான் இருக்கும்."

"எண்ணிடுங்க."

அவள் நகரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். தேவராஜன் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்து, விரலை எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக எண்ண ஆரம்பித்தார். கடைசி நோட்டு வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கும்மா" என்றார்.

"வரேங்க" என்று படியிறங்கியவள், என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா தங்கச்சி, சீக்கிரம். ரெண்டாம் பந்திக்கு நேரமாச்சு."